கட்டுப்பல்லோடு பயன் சொன்னவன்

என் வாயில் இருக்கும் பற்களுள் ஒன்றேனும் என்னுடையதன்று.

மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் கட்டுப்பற்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவற்றை அணிந்து வருகிறேன். இதில் குற்றம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். பல்லைக் கட்டிக்கொண்டது குற்றமன்று. அதை ஒரு மனிதரிடம் மறைத்தேன்... அவர் என் வாயை நம்பித் தம் வாயை மூடிக்கொண்டார். அதுதான் குற்றம்.

அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவும் ஒரு கோழைத்தனமே என்று தெரியும்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையின் மாடிக்குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். வயது எழுபத்தாறு. எங்கள் கோயிலில் ஆண்டுதோறும் புராணம் படிப்பார்கள். அது இருவர் சேர்ந்து செய்யும் பணி. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அவர் நிறுத்தியதும் மற்றவர் பொருளை விரித்துரைப்பார். அதனைப் பயன் சொல்லுதல் என்போம். வாசிப்பவர் சொல்லைச் சொல்லாகத் தந்தாலன்றிப் பயன் சொல்பவனுக்கு வழியில்லை. அவன் எத்துணைப் படித்தவனாயினும் வாசிப்பவரின் வாயைப் பார்த்திருக்க வேண்டியவனே.

நான் பயன் சொல்பவன். வாசிப்பவர் அருளம்பலம் அண்ணை. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர்; என்னைவிட மூன்று வயது மூத்தவர். இலக்கணம் கற்றவரல்லர். ஆனால் அவர் செவியில் ஏதோ ஓர் அளவுகோல் இருந்தது. எவ்வளவு கடினமான செய்யுளாயினும் எந்தச் சொல் எங்கே முடிகிறது என்பது அவர் குரலில் தெரிந்துவிடும். நான் ஏடு பார்த்து ஒரு நாள் முழுதும் பிரித்தறிந்ததை அவர் மூச்சின் இடைவெளியிலே காட்டிவிடுவார். இருபத்தைந்து ஆண்டுகள் நாங்கள் ஒரே பாயில் எதிரெதிரே அமர்ந்திருந்தோம்.

என் பற்கள் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பது வயதாகுமுன்பே என் பல்முரசில், அதாவது ஈறுகளில், இரத்தம் கசியத் தொடங்கியது. துலக்கும்போது இரத்தம் வந்தமையால் நான் மெல்லத் துலக்கினேன். பின்னர் துலக்குவதையே குறைத்தேன். எத்தகைய மூடத்தனம்! இரத்தம் வருவது இன்னும் கவனமாகத் துலக்கு என்று முரசு சொல்லும் சொல் என்பதை அக்காலத்தில் அறிந்திலேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு நாளொன்றுக்கு ஏழெட்டுத் தேநீர் வேறு. முதலில் கடைவாய்ப் பற்கள் ஆடின. பிறகு எல்லாம் ஆடின.

வெள்ளவத்தையில் பல் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அங்கே காத்திருக்கும் நாற்காலிகளில் யார் அமர்ந்திருப்பார்? கோயிலில் என் எதிரே அமர்ந்து பயன் கேட்பவர். ஆதலால் பஸ் ஏறி நகரின் மறுபக்கத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே டொக்டர் ரெஜினா என்ற இளம் வைத்தியர் என் வாய்க்குள் நெடுநேரம் பார்த்தார்.

"பல்லுல கோளாறு இல்ல மாஸ்டர். முரசுதான் பல்லக் கைவிட்டிருச்சு. சீனி வருத்தம் இருக்கா?"

"தெரியாது பிள்ளை."

"இருக்கும். நாளைக்கே இரத்தம் குடுத்துப் பாத்துட்டு வாங்க."

இருந்தது. நீரிழிவும் முரசு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்று அவர் விளக்கினார். நான் கேட்டது ஒன்றே: பல்லில்லாத முகத்தோடு ஒரு நாளேனும் வெளியில் நடக்காதிருக்க வழியுண்டா? உண்டு என்றார். கடைவாய்ப் பற்களை முன்னரே கழற்றிப் புண்ணை ஆறவிட்டு, அளவெடுத்துக் கட்டுப்பற்கள் பதித்த தட்டைச் செய்து வைத்துக்கொண்டு, முன்பற்களைக் கழற்றிய அன்றே அதைப் பொருத்திவிட்டார். போர் சற்று ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. ஊருக்குப் போகிறேன் என்று கோயிலில் சொல்லிவிட்டு ஆறு வாரம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன்.

அந்த ஆறு வாரத்தில் நான் கற்றவற்றைக் கவனியுங்கள். முதல் வாரம் வாய் முழுதும் நீர் ஊறியது, விழுங்கிக்கொண்டேயிருந்தேன். சகரம் சீழ்க்கையடித்தது. தகரம் நாவில் தடுக்கியது. இரண்டாம் வாரம் புண்ணைக் காட்டப் போன இடத்தில் அழுதேன். டொக்டர் ரெஜினா சிரித்தார்.

"சத்தம் போட்டு வாசிங்க மாஸ்டர். பேப்பரோ என்னமோ, எதையாச்சும் வாசிங்க. நாக்கு புது வீட்டுக்குக் குடி வந்திருக்கு. எங்க சுவர், எங்க கதவுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, அயலார் கேளாதவாறு வாசித்தேன். கண்ணாடி முன் நின்று வாசித்தேன். நான்காம் வாரம் சீழ்க்கை நின்றது. ஆறாம் வாரம் என் நா எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுவிட்டது. சில மாதங்களில் முரசு வற்றித் தட்டுத் தளர்ந்தபோது அதன் உட்புறத்தைப் புதிதாக வார்த்துக் கொடுத்தார். படுக்குமுன் கழற்றித் தண்ணீரில் இடுவது, மென்மையான தூரிகையால் தேய்ப்பது, வெறும் முரசையும் நாவையும் துடைப்பது, இரு பக்கத்தாலும் சமமாக மெல்லுவது, பல்லே இல்லாவிடினும் ஆண்டுக்கொரு முறை வாயைக் காட்டுவது...

இவை யாவும் எனக்குத் தெரியும். மறந்துவிடாதீர்கள். எனக்குத் தெரியும்.

கோயிலுக்குத் திரும்பினேன். ஒருவரும் அறியவில்லை. மாறாக, என் பற்கள் புகழடைந்தன! ஒரு விருந்தில் நான் வடை கடிப்பதைக் கண்டு அருளம்பலம் அண்ணை உரக்கச் சொன்னார்:

"மாஸ்டரின்ரை பல்லைப் பாருங்கோடா. மாதுளை முத்து. என்ன போட்டுத் தீட்டுறியள், மாஸ்டர்?"

"வேப்பங்குச்சியும் உப்பும்தான், அண்ணை."

எல்லோரும் சிரித்தார்கள். அது வேடிக்கைக்குச் சொன்ன பொய் என்று அன்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அண்ணை மறுநாள் வேப்பங்குச்சி தேடி அலைந்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். வெள்ளவத்தையில் வேம்பை எங்கே தேடியிருப்பார்?

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவர் வாசித்தார். கட்டுப்பல்லோடு நான் பயன் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை.

பிறகு அவர் பற்கள் விழத் தொடங்கின.

ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். என் மனைவி தேநீர் வைக்க அடுக்களைக்குள் போனாள். கடற்கரைப் புகையிரதம் கடந்து சத்தம் அடங்கியதும் அவர் கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மாஸ்டர், ஒரு விசயம் கேக்கவேணும். சிரிக்கக் கூடாது."

"நீங்கள் சிரிப்புக் காட்டாட்டி நான் ஏன் சிரிக்கிறன்?"

"மேலை நாலு போட்டுது. மிச்சம் எல்லாம் ஆடுது. முழுசாக் கழட்டிப்போட்டுக் கட்டச் சொல்லுறார் டொக்டர். எலும்பிலை திருகாணி பூட்டிப் பல்லு நாட்டுற முறையும் இருக்காம். என்ரை சீனிக்கும் எலும்புக்கும் அது சரிவராதாம். ரண்டு பக்கத்துப் பல்லிலை பிடிச்சுப் பாலம்மாதிரிக் கட்டலாமாம். அதுக்குப் பக்கத்துப் பல்லு உறுதியா நிக்கவேணும். ஆடுற கதியாலிலை வேலி அடைக்கேலாதுதானே? மிஞ்சினது கட்டுப்பல்லுத்தான். மகள் புதன்கிழமைக்கு நாள் எடுத்துப்போட்டாள்."

"நல்லதுதானே, அண்ணை."

"நல்லதுதான். ஆனா அதோடை புராணம் வாசிக்கலாமோ?" கேட்டுவிட்டுத் தம் கையைப் பார்த்தார். "ஊரிலை ஒராளுக்கு வாசிப்பு நடுவிலை தட்டு வெளியிலை பாஞ்சு விழுந்ததெண்டு சின்னனிலை கேட்டனான். அது பகிடியோ உண்மையோ தெரியாது. உங்களுக்கு எந்த எழுத்து எங்கை பிறக்குது எண்டெல்லாம் தெரியும். நீங்கள் சொன்னாச் சரி. வாசிக்கலாம் எண்டாக் கட்டுறன். வாசிக்கேலாதெண்டா எனக்கென்னத்துக்கு அது?"

பாருங்கள்... எவ்வளவு எளிய வினா! கையை வாயருகே கொண்டுபோய்த் தட்டைக் கழற்றிக் காட்டியிருந்தால் போதும். பேச்சே வேண்டியிருந்திராது.

"எனக்கென்ன தெரியும் அண்ணை" என்றேன். "என்ரை எல்லாம் சொந்தப் பல்லு."

அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஆனா உச்சரிப்புக் கெடும் எண்டுதான் நினைக்கிறன். தகரமும் நகரமும் பல்லடியிலை நாக்குப் படப் பிறக்கிற எழுத்தல்லோ? அங்கை பிளாஸ்ரிக்கை வைச்சா அது எப்பிடிச் சரியாப் பிறக்கும்?"

நான் கற்ற கல்வியை அந்தப் பொய்க்குச் சான்றாக வைத்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே எடுத்து வைத்தேன். பிளாஸ்ரிக்கில் நாப்பட்டு அதே தகரத்தையும் நகரத்தையும் ஒலித்து அவரிடம் பேசிக்கொண்டிருந்தவன் நான்!

அண்ணை தேநீரை முழுவதும் குடித்தார். "அப்ப வேண்டாம்" என்றார். "இருக்கிறதோடை சமாளிப்பம்."

அவர் படியிறங்கிய பின் என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசனுக்கு ஏன் அப்பிடிச் சொன்னியள்?"

"உமக்கு உது விளங்காது."

"எனக்கோ விளங்காது? பதின்மூண்டு வருசமா உந்தத் தட்டைத் தேய்ச்சுத் தாறது ஆர்?"

ஏன் அவ்வாறு சொன்னேன்? வெட்கமா? வெட்கம் மட்டுமாயின் முதற்பொய்யோடு நின்றிருப்பேன். உண்மையை எழுதுகிறேன். கட்டுப்பல் அணிந்தவனைக் கட்டுப்பல் அணிந்த இன்னொருவன் கண்டுகொள்வான். பேச்சுக்கு நடுவே நாவால் தட்டை மேலே அழுத்தும் கணம், முன்பல்லால் எதையும் கடிக்காமல் கடைவாய்க்குத் தள்ளும் பழக்கம், சூடான தேநீரின் சூட்டை அண்ணம் உணராமையால் தொண்டையில் திடுக்கிடுவது... இவையெல்லாம் மற்றவருக்குத் தெரியா. அவர் அணிந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். பாயில் என் எதிரே இரண்டு முழத் தொலைவில் அமர்பவர் அவர். என்னைக் கண்டுகொள்ளக்கூடிய கண்களை அவருக்கு நான் கொடுக்க விரும்பவில்லை. அவ்வளவே.

புதன்கிழமை அவர் போகவில்லை.

அந்த ஆண்டு புராணப் படிப்பில் முன்பற்களின்றியே வாசித்தார். குரல் அதே குரல். சொற்கள்தாம் நனைந்த தாளில் எழுதிய எழுத்துப்போலப் பரவிக் கலங்கின. முதல் நாள் எல்லோரும் பொறுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் பின்வரிசையில் இருவர் எழுந்து போனார்கள். மூன்றாம் நாள் ஒரு செய்யுளை அவர் மூன்று முறை திருப்பித் திருப்பி வாசித்தார். முன்னிருந்த பெண்ணொருத்தி சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டாள். அண்ணை அதைக் கண்டார். புத்தகத்தை மூடி, பட்டுத்துணியால் சுற்றி, ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"செய்யுளுக்கு நோகுது, மாஸ்டர். வேறை ஆரும் வாசிக்கட்டும்."

நான் என்ன சொன்னேன் என்று அறிய விரும்புகிறீர்களா? "சரி அண்ணை" என்றேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் அவர் பாயில் அமரவில்லை. கோயில் விருந்துகளுக்கு வருவதை நிறுத்தினார். மற்றவர் முன் சோற்றைப் பிசைந்து விழுங்க நாணினார். எஞ்சிய பற்களும் போயின. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் சொதியூற்றிக் குழைத்து உண்டார். இறைச்சி, கடலை, பச்சைக் காய், பழம் என மெல்ல வேண்டியவை எல்லாம் ஒவ்வொன்றாக அவர் உணவிலிருந்து நீங்கின. அவர் உடலும் இளைத்தது. சில ஆண்டுகளின்பின் மகள் வதனி அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். எங்கே? கொட்டாஞ்சேனையில்!

என் வைத்தியர் இருக்கும் அதே கொட்டாஞ்சேனை. வதனியின் வீட்டு ஒழுங்கையைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். நான் சுற்றுவழியில் போகத் தொடங்கினேன். மீன் வண்டிகள் நிற்கும் தெருவால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு... எழுபது வயது கடந்த ஆசிரியன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் டொக்டர் ரெஜினா என் தட்டுகள் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நரை வந்துவிட்டது.

"நேத்து ஒரு ஐயா வந்தாரு மாஸ்டர். உங்க பக்கத்து ஆள், வெள்ளவத்த. கோயில்ல புராணம் வாசிச்சவராம். வாயில ஒரு பல்லு இல்ல. எட்டு வருசத்துக்கு முந்தியே கட்டியிருக்கணும். இப்ப எலும்பு கரைஞ்சு கீழ்முரசு கயிறு மாதிரி ஆயிருச்சு. அதுல தட்டு எப்படி நிக்கும்? மேல்வரிச நிக்கும். கீழ எதையாச்சும் செஞ்சு பாக்கலாம், கஷ்டப்பட்டுப் பழகணும். ஆனா அவரு வேணாங்கிறாரு."

என் பற்கள் அவர் கையில் இருந்தன.

"கட்டுப்பல்லோட வாசிக்க முடியாதுன்னு எவனோ படிச்சவன் சொல்லிட்டானாம். எவனா இருக்கும், மாஸ்டர்? வாயில தட்ட வச்சுப் பாத்தவனா இருந்தா அப்படிச் சொல்லுவானா?"

எதையோ சொல்ல வாயெடுத்தேன். பல்லில்லா வாயில் காற்றுத்தான் வந்தது. இதை என்னிடம் ஏன் சொல்கிறார் என்று நான் கேட்பதாக அவர் எண்ணிக்கொண்டார்.

"அதான் உங்கள நெனச்சேன். ஒரு நாளைக்கு அவரப் போய்ப் பாருங்களேன். நான் சொல்றத விட, இருபது வருசமா தட்டோட பயன் சொல்றவர் முன்னால உக்காந்து வாசிச்சுக் காட்டினா நம்புவாரு. இதான் கடைசி வாய்ப்பு அவருக்கு. இன்னும் கரைஞ்சா என்னாலயும் ஒண்ணும் செய்ய ஏலாது."

போனேன். போகாதிருக்கவில்லை என்பதையாவது என் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்... வேண்டாம், எழுதாதீர்கள்.

அருளம்பலம் அண்ணை சாய்மனைக் கதிரையில் இருந்தார். மூக்கும் நாடியும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு முகம் மடிந்திருந்தது. என்னைக் கண்டதும் வாயைத் துவாயால் மறைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சொற்களை இங்கே திருத்தமாக எழுதுகிறேன். வெளிவந்தபோது அவற்றில் பாதி காற்றாயிருந்தது.

வதனி தேநீரும் பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து வைத்தாள். அது மொறுமொறுவென்று நொறுங்கும் தட்டை வடை.

"கடியுங்கோ, மாஸ்டர்" என்றார். "அந்தச் சத்தம் கேட்டுக் கனகாலம்."

கடித்தேன். கடைவாய்க்குத் தள்ளி, இரு பக்கமும் சமமாக. அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்பாக்கு ஒருக்கால் சொல்லுங்கோ, மாஸ்டர் மாமா" என்றாள் வதனி. "மேல்வரிசையாவது நிக்குமெண்டு டொக்டர் சொல்லுறா. இவர் மாட்டனெண்டு நிக்கிறார்."

"மாஸ்டர் அண்டைக்கே சொல்லிப்போட்டார், பிள்ளை. எழுத்துப் பிறக்கிற இடம் தெரிஞ்ச மனிசன். டொக்டருக்குப் பல்லுத் தெரியும். வாசிப்புத் தெரியுமோ?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வதனியின் கண்களில் வேண்டுதல் இருந்தது. அண்ணையின் கண்களில் இருந்தது வேறு. இப்போதும் அதை நினைக்கிறேன். நான் மறுத்துச் சொல்ல மாட்டேனா என்று அவர் காத்திருந்தார். சொல்லியிருந்தால் ஏற்றிருப்பார். என் நாவின் கீழ் வடைத்துகளொன்று தட்டுக்கும் முரசுக்கும் இடையே புகுந்து குத்திக்கொண்டிருந்தது.

"அண்ணைக்கு விருப்பமில்லாட்டி விடுங்கோ, பிள்ளை" என்றேன்.

அவர் தலையை மெல்ல அசைத்தார். அலமாரியிலிருந்த தம் பழைய புராணப் புத்தகத்தை எடுத்துவரச் செய்து என் மடியில் வைத்தார்.

"ஒரு பாட்டு வாசியுங்கோ. நீங்கள் வாசிச்சு நான் கேட்டதே இல்லை."

வாசித்தேன். தகரமும் நகரமும் தத்தம் இடத்தில் பிறந்தன. முடிந்ததும் அவர் பொக்கை வாயால் மெச்சினார்:

"என்ன இருந்தாலும், மாஸ்டர்... சொந்தப் பல்லுச் சொந்தப் பல்லுத்தான்."

அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் போய் வாசிக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இதைப் பரிகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு வெள்ளியும் அப்பொய்யை இராகத்தோடு மறுபடியும் சொல்லிவிட்டு வருகிறேன்.

இதை எழுதும் இந்த முற்பகலில், இரவு கழற்றிய என் தட்டுகள் இன்னும் மேசைமேல் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கிடக்கின்றன. நாளை வெள்ளிக்கிழமை. அவற்றை அணியாமல், வெறும் வாயோடு அவர் முன் போய் அமர்ந்துவிடலாம் என்று எண்ணினேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதை இங்கே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்:

"அண்ணை, என்ரையும் கட்டுப்பல்லுத்தான்."

என் செவிக்கே அது சொல்லாகக் கேட்கவில்லை. மீண்டும் சொன்னேன். அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்ன சொல்லுறியள்? ஒண்டும் விளங்கேல்லை. பல்லைப் போட்டிட்டுச் சொல்லுங்கோ."

குவளைக்குள் கைவிட்டுத் தட்டுகளை எடுத்தேன். நீரை உதறி, மேலதை முதலிலும் கீழதைப் பின்னரும் வைத்து அழுத்தினேன்.

"இப்ப சொல்லுங்கோ. என்ன?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக ஒலித்தது.